அப்பாவின் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது: இது என்ன வகைப் பிறின்ற், எப்படிக் காப்பாற்றுவது?

குமுழமுனை மகள் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் இருக்கிற சில படங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். போட்டோ என்று சொன்னாலும் பழைய ஸ்ரூடியோ போட்டோ எதுவும் இல்லை, எல்லாம் டிஜிற்றலில் அடித்தவை. பழைய அல்பங்கள் 2009 இல் போய்விட்டன. இணையத்தில் தேடினால் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றித்தான் வருகிறது.

முக்கியமானது அப்பாவின் படம். அம்மா பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு வந்த பாஸ்போட் அளவுப் படம் ஒன்றுதான் மிஞ்சியது. முகாமிலிருந்து ஊருக்கு வந்த பிறகு, 2011 ஆக இருக்கவேண்டும், கிளிநொச்சியில் ஒரு கடையில் அதைக் கொடுத்துப் பெரிதாக்கினோம். சின்னப் படத்தைப் பிறகு ஏதோ பதிவுக்காக ஓர் அலுவலகத்தில் கொடுத்தது, திரும்பி வரவில்லை. பெரிதாக்கிய கடையும் இப்போது இல்லை. ஆகவே இந்தப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படம்தான் எங்களிடம் இருக்கிற ஒரே அப்பா.

தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் கண்ணாடி இல்லாமல் ஒரு மட்டையில் ஒட்டி வைத்திருந்தோம். வீட்டுத்திட்ட வீடு கட்டிய பிறகுதான் பிறேம் போட்டோம். இப்போது முகமெல்லாம் செம்மஞ்சளாகத் தெரிகிறது, நீலச் சேட்டு சாம்பலாகிவிட்டது. 2018 மார்கழி வெள்ளத்தில் படம் நனையவில்லை, ஆனால் சுவர் நெடுநாள் ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகு கீழ் மூலை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடத்தைச் சுற்றி ரோஸ் நிறமாக ஏதோ படர்ந்திருக்கிறது.

மற்றவை: அண்ணாவின் கலியாணத்தில் மண்டபத்திலேயே அடித்துக் கொடுத்த சின்னப் படங்கள். தங்கச்சியின் சாமத்திய வீட்டு அல்பம், புத்தகம் மாதிரித் தடித்த பக்கங்கள். அப்புறம் தம்பி கொம்பியூட்டரில் வரைந்த நந்திக்கடல் படம், கன்வஸ் துணியில் அடித்தது. அவனுடைய கொம்பியூட்டர் பழுதாகி மூலையில் கிடக்கிறது. கன்வஸை அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஈரத்துணியால் துடைக்கிறார்.

எது என்ன வகை என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? ஒட்டியதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா? எல்லாவற்றையும் லமினேற் பண்ணிவிட்டால் நிம்மதியா?


ஸ்காபரோப் பெரியவர் எழுதியது:

பிள்ளை, ஊறவைத்தால் வரும். என்னுடைய கலியாணப் படம் 1978 இல் எடுத்தது, இங்கே கண்ணாடியில் ஒட்டிப்போய்க் கிடந்தது. குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தேன், தானாகக் கழன்று வந்தது, ஒரு கீறல் இல்லை. பிறகு காயவைத்து லமினேற் பண்ணுங்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் லமினேற் பண்ணின பிறப்பத்தாட்சிப் பத்திரம்தான் எங்கள் சனத்துக்குத் தப்பியது.


பரந்தன் படக்காரன் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒரு வார்த்தை: தண்ணீருக்குக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். கண்ணாடியைக் கழற்றவும் வேண்டாம். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

பெரியவர் சொன்னது அவருடைய படத்துக்குச் சரி. 1978 இல் எடுத்த படம் இருட்டறையில் மருந்துத் தண்ணீரிலும் பச்சைத் தண்ணீரிலும் கிடந்து உருவானது. அதன் முகத்தில் இருப்பது ஜெலற்றின். தண்ணீரிலேயே பிறந்த படம் தண்ணீருக்கு அவ்வளவு பயப்படாது. 2011 சுனாமிக்குப் பிறகு யப்பானில் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் தண்ணீரில் கழுவிக் கழுவி மீட்டார்கள், பியூஜி நிறுவனமும் அதற்கு உதவியது. அது முடிந்ததற்குக் காரணம் அந்தப் படங்களில் பெரும்பகுதி லாபில் கழுவி எடுத்தவை என்பதுதான். வீட்டுப் பிறின்ரரில் சாய மையில், அதாவது நிறம் கரைந்து கிடக்கிற மையில், அடித்த படத்தை அப்படிப் போட்டால் தண்ணீரில் நிறம்தான் மிஞ்சும், தாள் வெள்ளையாக வரும்.

உங்கள் அப்பாவின் படம் சாய மை இங்க்ஜெற், அதாவது மையைத் துளித்துளியாகத் தெளிக்கிற பிறின்ரரில் அடித்தது, என்றுதான் என் ஊகம். ஒட்டிய இடத்தைச் சுற்றி ரோஸ் படர்ந்தது பெரிய சாட்சி. ஈரம் பட்டுச் சாயம் ஊர்ந்திருக்கிறது. லாபில் அடித்த படத்தில் அப்படி நிறம் பிரிந்து ஓடாது. ஆனாலும் ஊகத்தை நம்பி வேலை செய்யக்கூடாது, நீங்களே பாருங்கள்.

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் இருக்கிறதல்லவா, அதை ஒருக்கால் இரவல் வாங்குங்கள். இல்லாவிட்டால் போனில் மக்ரோ இருந்தால் அதுவும் போதும். கறுப்பான இடத்தைப் பார்க்காதீர்கள், அங்கே ஒன்றும் விளங்காது. கன்னம், வானம், வெள்ளைச் சேலையின் மடிப்பு மாதிரி வெளிர் இடங்களைப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் தூவிவிட்ட மாதிரி நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது இங்க்ஜெற். புள்ளிகளோ கோடுகளோ ஒரே ஒழுங்கில் வரிசையாக இருந்து, எழுத்தின் ஓரத்தில் தூள் சிந்தின மாதிரி இருந்தால் லேசர், அதாவது ரோனர். புள்ளியே இல்லாமல் நிறம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போனால் இரண்டில் ஒன்று: லாபில் லேசர் ஒளியால் தாளில் பதித்து மருந்தில் கழுவியது, அல்லது மண்டபத்தில் கையோடு அடித்துக் கொடுக்கிற டை சப்ளிமேஷன். நல்ல இங்க்ஜெற்றில் புள்ளி மிகச் சிறியது, அவசரப்பட்டால் தவறவிடுவீர்கள்.

பிறகு படத்தைத் திருப்புங்கள். முதுகில் கொடாக், பியூஜி, கொனிக்கா என்று சாய்வாகத் திரும்பத் திரும்ப அச்சடித்திருந்தால் பெரும்பாலும் லாப் தாள். அதோடு மங்கலான புள்ளி எழுத்தில் ஒரு வரி இலக்கமும் இருந்தால் சந்தேகமே இல்லை, அது மினிலாப், அதாவது கடையிலேயே லாப் படம் எடுக்கிற மெசின், தானாக அடிக்கிற வரி. கொனிக்கா என்று இருந்தால் இன்னொன்றும் தெரியும்: அந்த நிறுவனம் 2006 இல் படத் தொழிலை விடுவதாக அறிவித்துவிட்டது, ஆகவே படம் அந்தக் காலத்தை ஒட்டியது. முதுகு வெறும் கடதாசி மாதிரி இருந்து, மாரியில் தாள் நெளிந்தால், அது மலிவான பளபளப்புத் தாள். 2010 ஐ அண்டி எங்கள் பக்கத்தில் கொட்டிக் கிடந்தது அதுதான். இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் வழுவழுப்பு என்றால் நல்ல தாள்.

மூன்றாவது, சாய்த்துப் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இருண்ட இடத்தில் ஒரு மினுக்கம், வெளிர் இடத்தில் வேறு மினுக்கம் என்று திட்டுத்திட்டாக இருந்தால் பிக்மென்ற் மை (கரையாத நிறத்தூள் கலந்த மை) அல்லது ரோனராக இருக்கலாம். எங்கும் ஒரே மினுக்கம் என்றால் சாய மை, லாப், டை சப் இந்த மூன்றில் ஒன்று.

சிலர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார் என்பார்கள். இருக்கிற ஒரே படத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அப்பாவின் படத்துக்கு இன்னொரு வேலை சொல்கிறேன். ஒட்டாத பக்கத்தில் பிறேமின் உதட்டுக்கு அடியில் மறைந்திருக்கிற கரையை, ஒட்டிய மூலையை அசைக்காமல், பின்மட்டையைத் தளர்த்திப் பாருங்கள். அந்தக் கரையும் செம்மஞ்சளா, அல்லது அதில் மட்டும் நிறம் நன்றாக இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், மிச்சம் பிறகு.

லமினேற்றைப் பற்றி: பத்திரத்துக்குச் சரி. படத்துக்குச் சத்துரு. சூட்டில் உருகும் பசை படத்தின் முகத்தில் ஏறிவிட்டால் பிறகு ஒரு மனிதராலும் கழற்ற முடியாது. ஓரத்தை வெட்டின இடத்தால் ஈரம் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது: கொப்பியை லமினேற் பண்ணுங்கள், படத்தை விடுங்கள்.


குமுழமுனை மகள் எழுதியது:

நன்றி அண்ணை. புதுக்குடியிருப்பில் தெரிந்த நகைக்கடையில் லென்ஸ் கேட்டேன், என்னத்துக்கு என்று விசாரித்துவிட்டுத் தந்தார்கள்.

அப்பாவின் கன்னத்தில் தூவின புள்ளிகள் வடிவாகத் தெரிகின்றன. முதுகு வெறும் கடதாசி, எழுத்து இல்லை, நெளிந்திருக்கிறது. பிறேமுக்குள் மறைந்திருக்கிற கரையும் அதே செம்மஞ்சள்தான், வித்தியாசம் இல்லை.

கலியாணப் படங்களில் புள்ளி இல்லை. இரண்டு குறுகிய பக்கத்திலும் கிழித்த மாதிரி மெல்லிய பல்லுப் பல்லான ஓரம் இருக்கிறது. அவை பிளாஸ்ரிக் அல்பத்தில் இருக்கின்றன, ஒரு படத்தை எடுக்கப்போனால் பிளாஸ்ரிக்கில் ஒட்டி இழுக்கிறது. எடுத்த பிறகு பிளாஸ்ரிக்கில் அண்ணியின் கூறைச்சேலை நிறம் மங்கலாகத் தெரிகிறது!

சாமத்திய வீட்டு அல்பத்திலும் புள்ளி இல்லை, முகத்தில் மினுமினுப்பு பிலிம் ஒட்டியிருக்கிறது. கன்வஸில் புள்ளி உண்டு. மடித்த ஓரங்களில் மை வெடித்து வெள்ளை தெரிகிறது.


பரந்தன் படக்காரன் எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், என்னிடம் வேலை பழக வந்த பெடியள் கூட இப்படிப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

அப்பாவின் படம் சாய மை, மலிவான பளபளப்புத் தாள். முடிந்தது சந்தேகம். அந்தத் தாளின் பூச்சு நுண்ணிய துளைகள் நிறைந்தது. மை உடனே காய்வது அதனால்தான். ஆனால் சாயம் துளைகளுக்குள் காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது. காற்றில் இருக்கிற ஓசோன் முதலில் சயன் நீலத்தைத் தின்னும். நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சளும் மஜெண்டா என்கிற ரோஸ் சிவப்பும், அதுதான் செம்மஞ்சள் முகம். இது உங்கள் கடைக்காரர் செய்த பிழை என்று நினைக்க வேண்டாம். 2000 ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிறின்ரர்கள் வந்தபோது, வெளிநாட்டில் நல்ல தாளில் அடித்த படங்களே சுவரில் மாட்டிக் கொஞ்ச நாளில் இப்படிச் செம்மஞ்சளாகி, பெரிய பிரச்சினை ஆனது. அதற்குப் பிறகுதான் இந்தக் காற்று விஷயத்தை எல்லோரும் கவனித்தார்கள்.

கரையைப் பார்க்கச் சொன்னது ஏன் தெரியுமா? வெயிலும் வெளிச்சமும் நிறத்தைத் தின்றிருந்தால் பிறேமுக்குள் மறைந்த கரை தப்பியிருக்கும். கரையும் சேர்ந்து போயிருக்கிறது. அப்படியென்றால் பெரும் சேதம் பிறேம் போட முன்பு, கொட்டிலில் திறந்து கிடந்த காலத்தில் சோளகக் காற்றுத்தான் செய்தது. கண்ணாடி போட்ட பிறகு அந்த வேகம் இல்லை. இது நல்ல செய்தி. இன்றைக்கே ஏதும் செய்யாவிட்டால் அழிந்துபோகும் என்று பதற வேண்டியதில்லை.

இப்போது செய்யவேண்டியது: கண்ணாடியும் படமும் இனி ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க வேண்டாம். சாய மை ஒட்டினால் இழுத்தாலும் போகும், ஊறவைத்தாலும் போகும். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுக்கலாம். மேசையில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. உங்கள் முகமும் கூரையும் கண்ணாடியில் விழாமல் இருக்க அந்தத் துணி கட்டாயம். மூன்றுகால் ஸ்ராண்ட் வேண்டும், கையில் பிடித்து எடுக்க வேண்டாம். கடைகளில் இருக்கிற, கொப்பியும் அடிக்கிற பிறின்ரரின் ஸ்கானரில் வைக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியில் தொட்டுக்கொண்டிருக்கிற பொருளைத்தான் கூர்மையாகப் பார்க்கும், இன்னொரு கண்ணாடி இடையில் வந்தால் கலங்கிவிடும்.

எடுத்த கோப்பை நிறம் திருத்தாமல் அப்படியே ஒன்று வையுங்கள். பிறகு அதில் ஒரு கொப்பி எடுத்துச் செம்மஞ்சளைக் குறைத்து, சேட்டை நீலமாக்கி, என்ன வேண்டுமென்றாலும் செய்யுங்கள். அப்பாவின் சேட்டு என்ன நீலம் என்று அம்மா பக்கத்தில் இருந்து சொல்லட்டும், கொம்பியூட்டருக்குத் தெரியாது. சில ஆப்புகள் முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று கண்ணையே மாற்றி வேறொருவரின் முகத்தைத் தந்துவிடும். அந்தப் பட்டனை அமத்த வேண்டாம்.

கலியாணப் படங்கள் டை சப்ளிமேஷன். கப்பில் சூடு வைத்து ஏற்றுகிற சப்ளிமேஷனோடு குழப்பாதீர்கள், இது வேறு. ரிபனில் இருந்து மஞ்சள், மஜெண்டா, சயன் ஒவ்வொன்றாகச் சூட்டில் தாளுக்கு ஏறி, கடைசியாக மேலே ஒரு தெளிவான படலம் விழும். அதனால் தண்ணீர்ச் சொட்டுக்கும் விரல் அடையாளத்துக்கும் அது தைரியசாலி. அதன் எமன் இரண்டு: சூடு, பிவிசி பிளாஸ்ரிக். பிவிசியை மெதுவாக்கக் கலக்கிற எண்ணெய் சாயத்தை வெளியே இழுக்கும். கூறைச்சேலை பிளாஸ்ரிக்கில் தெரிந்தது அதுதான். இன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரித் தலையில் வைக்கவும் வேண்டாம்.

சாமத்திய அல்பம் லாப் படம், மேலே பிலிம். அதற்குப் பயமில்லை, படுக்கவைத்து மூடி வையுங்கள், மேலே பாரம் ஏற்றாதீர்கள்.

கன்வஸைப் பற்றித்தான் எனக்கு யோசனை. பிக்மென்ற் மையாக இருக்கும், அந்த மை நிறம் நெடுநாள் தாங்கும். ஆனால் அது மேலே உட்கார்ந்திருக்கிற மை. உரசினால் வரும், ஈரத்துணி பட்டால் இன்னும் லேசாக வரும். அம்மாவிடம் கும்பிட்டுச் சொல்லி நிறுத்துங்கள். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

இன்னொன்று. கொம்பியூட்டர் பழுது என்றால் ஹார்ட் டிஸ்க் பழுது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் பவர் சப்ளையோ மதர்போர்டோ போயிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் போட்டுப் பார்க்கலாம். தம்பியின் கோப்பு உள்ளே இருந்தால் அதுதான் அவனுடைய மூலப்படம், கன்வஸ் அதன் ஒரு பிறின்ற் மட்டும். அதைப் பார்க்காமல் யாருக்கும் இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்.


தாள்வாசம் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பழைய தாள்களோடு வேலை செய்கிறேன். படக்கார அண்ணை சொன்ன அடையாளங்கள் சரி. அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் இருக்கிற இமேஜ் பேர்மனன்ஸ் இன்ஸ்டிரியூட் டிஜிற்றல் பிறின்றுகளைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்தது. அவர்கள் சொல்வதும் இதுதான்: வகை தெரியாமல் பாதுகாப்பு முறை சொல்ல முடியாது, ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு நஞ்சு.

வைக்கிற இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உறை வாங்கும்போது பொலியெஸ்டர், பொலிப்புறொப்பிலீன், பொலித்தீன் இந்த மூன்றும் ஆகும். புது றெயின்கோட் மணம் அடித்தால் அது பிவிசி, கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். "போட்டோ சேஃப்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், உறை படத்துக்குத் தீங்கு செய்யுமா என்று பார்க்கிற ஐஎஸ்ஓ 18916 பரிசோதனையில் தேறியது என்று இருந்தால் நம்பலாம். அது இங்கே கிடைப்பது கஷ்டம். உறையே கிடைக்காவிட்டால் நல்ல வெள்ளை ஏ4 தாளில் இடைவைத்து அடுக்குங்கள், இப்போது வருகிற கொப்பித் தாள்கள் பெரும்பாலும் அமிலம் இல்லாதவை. பேப்பர் துண்டும் பிறவுண் தாளும் வேண்டாம். விபரத்தைப் படத்தின் முதுகில் எழுதாமல் உறையில் எழுதுங்கள், எழுதிய பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

மாரிதான் எங்களுக்கு எதிரி. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்ரிக் பெட்டி நல்லது, ஆனால் அதை மூடுகிற நாள் முக்கியம். ஆவணியில் ஒரு காய்ந்த நாளில், சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். கார்த்திகையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுவீர்கள். சிலிக்கா நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசி போடச் சொல்லுவார்கள், அது வண்டையும் இராமபாணத்தையும் கூப்பிடுகிற வேலை.

சுவரில் மாட்டுகிற படம் என்றால் கண்ணாடி முகத்தைத் தொடாமல் இடையில் மட்டைச் சட்டம் வைக்க வேண்டும். உங்கள் படம் ஒட்டினதற்குக் காரணம் அந்த இடைவெளி இல்லாததுதான். பிறேமின் முதுகில் நாலு மூலையிலும் போத்தல் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், சுவரின் ஈரம் நேரே ஏறாது. விளக்கும் ஊதுபத்தியும் படத்துக்கு நேர் கீழே வேண்டாம், எண்ணெய்ப் புகை படியும். ஈரப் பூமாலையில் இருந்து ஒழுகுகிற தண்ணீர் கண்ணாடியின் கீழ் விளிம்பால் உள்ளே போவதை நான் கண்டிருக்கிறேன். சந்தனம் வைப்பதும் மாலை போடுவதும் கொப்பிக்குச் செய்யுங்கள். அசல் பெட்டிக்குள் இருக்கட்டும்.


துணுக்காய்த் தம்பி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு அடித்த பனரை வெட்டி பிறேம் போட்டு வைத்திருக்கிறோம். கல்வெட்டு என்று அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகமும் இருக்கிறது. அம்மம்மாவுக்கு வேறு படம் இல்லை. எதை வைத்துத் திரும்ப அடிப்பது?


பரந்தன் படக்காரன் எழுதியது:

தம்பி, பனர் பிவிசித் துணியில் அடிக்கிறது. தூரத்தில் இருந்து பார்க்க அடித்தது, கிட்ட வந்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். அதிலிருந்து எடுத்தால் முகம் வராது. அந்தப் பனரை வேறு போட்டோவோடு தொடவிட்டு வைக்கவும் வேண்டாம், கலியாணப் படத்துக்கு நடந்ததுதான் நடக்கும்.

கல்வெட்டின் அட்டைப்படத்தை லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் பூ மாதிரி வட்டமாகக் கூடி நிற்கும், அது அச்சகத்து ஓப்செற் அச்சு. அதை 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணினால் ஓரளவு நல்ல முகம் எடுக்கலாம். அதற்கு முன்பு கல்வெட்டு அடித்த அச்சகத்தைக் கேளுங்கள். பனர் அடித்தவர்கள் கோப்பை அழித்துவிடுவார்கள், அச்சகக்காரர்கள் திவசத்துக்குத் திரும்ப வருவீர்கள் என்று வைத்திருப்பார்கள். அதில்தான் நீங்கள் அவர்களுக்குக் கொடுத்த அசல் படம் இருக்கும்.


ஸ்காபரோப் பெரியவர் எழுதியது:

சரி, ஊறவைக்கிறதை விடுவோம். இந்தப் பிள்ளை எனக்கு முன்பின் தெரியாது, ஆனாலும் கேட்கிறேன்: இங்கே இருந்து நாங்கள் ஏதும் செய்யலாமா? என் மருமகள் ஊரில் இருந்து வட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள், அதைப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைகிறது.


பரந்தன் படக்காரன் எழுதியது:

பெரியவர், அதுதான் நல்ல கேள்வி. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். டொக்கியுமென்ற் என்று தெரிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு அப்படியே வரும். ஒரு கோப்பு மூன்று இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று ஊருக்கு வெளியே. எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்கள் அங்கே ஒரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள், வருடத்துக்கு ஒருதடவை திறந்து பாருங்கள்.


குமுழமுனை மகள் எழுதியது:

கலியாணப் படங்களை எல்லாம் பிளாஸ்ரிக்கில் இருந்து எடுத்துவிட்டேன். இரண்டு படத்தில் முகத்தில் சேதம், மற்றவை பரவாயில்லை. அம்மா துடைப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டார், ஆனால் அப்பாவைப் பெட்டிக்குள் வைக்கிறது என்றவுடன் கோபித்துக்கொண்டார். கொப்பி அடித்து அதே இடத்தில் மாட்டின பிறகுதான் அசலைக் கழற்றலாம் என்று முடிவு. தம்பியின் டிஸ்க் சத்தம் போடாமல் சுற்றுகிறது, நந்திக்கடல் கோப்பு கிடைத்துவிட்டது, அதோடு அவன் மறந்தே போன வேறு படங்களும்.

திரும்ப அடிக்கும்போது கடையில் என்ன கேட்க வேண்டும் அண்ணை?


பரந்தன் படக்காரன் எழுதியது:

மை பிக்மென்றா, சாயமா என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் நிற்கிற ஆறு நிறத் தாங்கிப் பிறின்ரர்கள், எப்சன் எல்805 மாதிரியானவை, சாய மை. அதிலும் போத்தலில் வெளி மை ஊற்றியிருந்தால் ஆயுள் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியில் நூறு வருடம் என்று போட்டிருப்பது அவர்களுடைய மையும் அவர்களுடைய தாளும் சேர்ந்தால்தான். பிக்மென்ற் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மினிலாப் இருக்கிற இடத்தில் லாப் தாளில் எடுங்கள், முதுகைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சுவரில் மாட்டுகிற கொப்பிக்கு அது போதும், வெளிறினால் கோப்பில் இருந்து இன்னொன்று. இங்க்ஜெற்றில் எடுத்தால் கையோடு பிறேம் போடாமல் ஒரு நாள் காயவிடுங்கள், இல்லாவிட்டால் மையில் இருக்கிற ஈரம் கண்ணாடியில் புகார் மாதிரிப் படியும்.

அப்பாவின் படத்தைக் கண்ணாடியோடு பஸ்ஸில் கொண்டு வரவேண்டாம், ஏ35 இல் வருகிற குலுக்கலில் கண்ணாடி வெடித்தால் எல்லாம் வீண். தைப்பொங்கல் கழிந்து நான் முள்ளியவளைக்கு ஒரு கலியாணத்துக்குப் படம் எடுக்க வருகிறேன். விளக்கும் ஸ்ராண்டும் வாகனத்தில் இருக்கும், தனிமடலில் இடத்தைச் சொல்லுங்கள். கறுப்புத் துணி மட்டும் நீங்கள் வைத்திருங்கள், என்னுடையது எலி வெட்டிவிட்டது.